காதற்கதையும் திருகோணமலையும்

அன்புவழிபுரத்து மாணவர் கையில் காதல் நாவலையோ மர்ம நாவலையோ கண்டதும் முகஞ்சுளிக்கும் ஆசிரியர், திருகோணமலையின் இலக்கிய வரலாற்றை மறந்தவராவர். ஈழத்தின் தொடக்க கால நாவல்கள் வீரமும் காதலும் விரவிய கதைகளே அன்றோ? 1891இல் இவ்வூர் இன்னாசித்தம்பி ஐரோப்பிய வீரக்கதையொன்றைத் தழுவி 'ஊசோன் பாலந்தை கதை'யை அளித்தார். 1895இல் இவ்வூரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' சென்னையில் வெளிவந்தது. நாயக்கர் காலக் காதலைக் கூறும் அந்நூலையே தமிழின் முதல் வரலாற்று நாவலென ஆய்வாளர் போற்றுவர். 1892இல் 'தத்தைவிடுதூது' பாடிப் பெண் விடுதலைக்குக் குரலெழுப்பியவரும் அவரே. காதற்கதை எழுதிய கைக்குச் சமுதாய நோக்கு அந்நியமன்று.

பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதைகளால் பல்லாயிரவரை வாசகராக்கினர். வாசிப்பைப் பரப்பியது அவர்தம் தொண்டு. ஆனால் குற்றவாளி அகப்பட்டதும் கதை முடிந்துவிடுகிறது, குற்றத்தை விளைக்கும் சமுதாயம் விசாரிக்கப்படுவதில்லை.

ஆகவே இன்றைய நாவலுக்கும் நாம் தடை விதிக்க வேண்டா, வினாத் தொடுப்போம். நாயகி தன் துணையைத் தானே தேர்கிறாளா? அவள் உழைப்புக்குக் கதையில் இடமுண்டா? குற்றத்தின் வேர் காட்டப்படுகிறதா? இவ்வினாக்களை மாணவர்க்குக் கற்பிப்பதே ஆசிரியர் கடன். சுவைக்கும் வாசகன் சிந்திக்கவும் கற்றால், மலிவான கதை தானே மதிப்பிழக்கும்.