பர்லியார் ஆத்துல டிரவுட் ஏன் இல்லை?

நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஊட்டிப் பக்கம் டிரவுட் மீன் இருக்கு. அதே மலைத் தண்ணிதானே பர்லியாருக்கும் இறங்குது, இங்க ஏன் இல்ல?" நல்ல கேள்வி. குன்னூர் மலைப்பாதையில் போகும்போது எல்லாரும் பழம் வாங்கத்தான் பர்லியாரில் நிற்போம். இந்தத் தடவை நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கினேன்.

ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, மூன்று வால் இழையோடு ஒரு சின்னப் பூச்சி. மேஃப்ளையின் இளம்பருவம் அது. மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் பாசி தின்று வளரும். ஒரு நாள் மேலே வந்து, தோலை உரித்து, சிறகு விரிக்கும். பிறகு இன்னொரு தடவை தோல் உரிக்கும். சிறகு வந்த பிறகும் தோல் உரிக்கிற பூச்சி உலகத்திலேயே இது ஒன்றுதான். வளர்ந்த பூச்சி எதையும் தின்னாது. இணை சேரும், முட்டையிடும், ஓரிரு நாளில் செத்துப்போகும். மழை பெய்த சாயங்காலம் விளக்கைச் சுற்றி ஈசல் விழுமே, அந்த மாதிரி ஆற்றுமேல் நடக்கிற கூட்டம்னு வச்சுக்குங்க.

டிரவுட்டுக்கு அது விருந்து. அந்தப் பூச்சி மாதிரியே முள்ளில் இறகும் நூலும் கட்டி மீனை ஏமாற்றுவதுதான் ஃப்ளை ஃபிஷிங். இங்கிலாந்தில் ஹால்ஃபர்ட் 1886லேயே மிதக்கும் ஃப்ளை கட்டுவதற்கென்று தனிப் புத்தகம் போட்டார். எந்த மாதம் எந்தப் பூச்சி என்று கணக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள்.

அந்தப் பைத்தியத்தோடுதான் வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு வந்தார்கள். குளிர் இருக்கு, ஓடை இருக்கு, மீன் மட்டும் இல்லை. சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த பிரான்சிஸ் டே 1863இல் டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். நடக்கவில்லை. பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவரும் இவர்தான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. டிரவுட் முட்டைக்குச் சில்லென்ற தண்ணீர் வேண்டும். சூயஸ் கால்வாய் அப்போது திறக்கவில்லை. சென்னையிலேயே ஐஸ் வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரணும். நம்ம ஐஸ் ஹவுஸ் அதற்குக் கட்டின கட்டடம்தான். அடுத்த வருஷமே, 1864இல், நார்ஃபோக் என்ற கப்பலில் ஈரப்பாசியில் முட்டைகளை வைத்து, ஐஸ் அறையில் அடுக்கி, ஆஸ்திரேலியா வரை உயிரோடு கொண்டுபோய்விட்டார்கள். டாஸ்மேனியாவில் குஞ்சு பொரித்தது. வழி கிடைத்துவிட்டது, ஆனால் நீலகிரிக்கு அது வந்துசேர இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு.

1907இல் ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார். நிலைத்தது ரெயின்போ டிரவுட். அது ஐரோப்பிய மீனே இல்லை, அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைச் சேர்ந்தது. இங்கே வந்தது இலங்கை வழியாக. காஷ்மீரில் பிரவுன் டிரவுட் நன்றாகப் பிழைத்தது, இங்கே இதுதான் பிழைத்தது. கொஞ்சம் கூடுதல் சூட்டையும் இது தாங்கும்.

"வெள்ளைக்காரன் மீன் கொண்டுவந்தான்" என்று கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதிக் கதைதான். சாப்பாட்டை யார் கொண்டுவந்தது? யாரும் கொண்டுவரவில்லை. ஓடைக் கல்லுக்கடியில் இருந்த நம்ம ஊர்ப் பூச்சியைத்தான் அந்த மீன் தின்று வளர்ந்தது. ஆனால் இந்தப் பூச்சிக்கு இங்கிலாந்துக் காலண்டர் தெரியாது. வெப்பமண்டல ஓடையில் அது வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். அங்கே மே மாசம் கோடை ஆரம்பம். இங்கே அடுத்த மாசமே தென்மேற்குப் பருவமழை கொட்டி ஓடை கலங்கிவிடும்.

பிறகு குந்தா மின்திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று அணைகள் வந்தன. வேகமாக ஓடின தண்ணீர் ஆழமாகத் தேங்கியது. டிரவுட் ஏரியிலும் சமாளித்துக்கொள்ளும். ஓட்டத்தில் கல்லைப் பற்றி வாழ்ந்த பூச்சிகளில் பெரும்பாலானவற்றால் முடியாது. அந்தக் கணக்கை அப்போது யாராவது பார்த்தார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

சரி, நேயரின் கேள்விக்கு வருகிறேன். அவலாஞ்சி சுமார் 2,000 மீட்டர் உயரம். பர்லியார் அதில் பாதிகூட இல்லை. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் டிரவுட்டுக்குத் திணறல், 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. பர்லியாரில் 1871லிருந்து அரசுத் தோட்டம் இருக்கு. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய் எல்லாம் காய்க்கும். மங்குஸ்தான் காய்க்கிற சூட்டில் டிரவுட் எப்படிங்க வாழும்? இன்னும் கீழே போனால் பவானி ஆறு. அது மகசீர் மீனின் ராஜ்ஜியம், அதைத் தனி எபிசோடாகப் பேசுவோம்.

நான் புரட்டின கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு, கால் கிலோ மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு வண்டியேறினேன்.