நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்து

கொழும்பில் ஒரு பழைய கார் வீதியில் போனால், கார்ப் பைத்தியம் பிடித்த ஆக்கள் முதலில் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பார்கள். ஈஎல், ஈஎன், ஈவை என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது 1957க்கு முந்தின கார். சிலோன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது வருகிற எழுத்துகளை இரண்டு இரண்டாகச் சேர்த்து வைத்த நம்பர்கள் அவை. நடுவில் சிங்கள ஸ்ரீ இருந்தால் அதற்குப் பிந்தினது. ஸ்ரீ போய் வெறும் கோடு மட்டும் இருந்தால் இன்னும் பிந்தினது. 2000ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துகள் மாகாண எழுத்தோடு திரும்பி வந்தன.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் குடும்பங்கள் கார் வைத்திருந்த கதையை எழுத வெளிக்கிட்டால் பாதி எஞ்சின் கதை, மீதி இந்தத் தகட்டின் கதை. எஞ்சின் கதையைச் சொல்ல எங்கட வீடுகளில் ஆள் இருக்கு. தகட்டின் கதையைக் கேட்டால் "அது அந்தக் காலத்துப் பிரச்சினை" என்று விட்டுவிடுவார்கள். ஆகவே தகட்டிலிருந்தே தொடங்குவோம்.

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டில்தான் மொறிஸ் மைனரும் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. பிறகு மினி காரையும் உருவாக்கிய அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. சின்ன எஞ்சின், உருண்டை உடம்பு, சிக்கனமான பெற்றோல் செலவு. ஒஸ்ரின் ஏ 40, ஏ 30, ஹில்மன், ஃபோர்ட் பிரிஃபெக்ட், பேஜோ 203 எல்லாம் அதே காலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கின. டொக்டர், அப்புக்காத்து, பெரிய கிளறிக்கல் உத்தியோகத்தர், நான்காம் குறுக்குத் தெரு வியாபாரி என்று வசதியுள்ள வீடுகளுக்கு அவை போய்ச் சேர்ந்தன. வடக்கில் காணி, கொழும்பில் உத்தியோகம், வாசலில் மொறிஸ் மைனர் என்பது ஒரு தலைமுறையின் கணக்கு.

1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு முடியுமுன்பே இன்னொரு அறிவிப்பு: 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவாகும் வாகனங்களில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ இருக்கும். அப்போது போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனாநாயக்க. ஒரு எழுத்துத்தானே என்று இப்ப தோன்றலாம். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கிற மொழிச் சட்டத்தைச் சாதாரண ஆள் தினமும் பார்ப்பதில்லை. நம்பர் பிளேட்டைக் காலையில் கேட்டைத் திறக்கும்போதே பார்க்கிறார். தன் காசில் வாங்கிய சாமானில், தான் வாசிக்காத எழுத்தைத் தன் கையாலேயே பூட்டிக்கொண்டு திரிய வேண்டும். மொழிச் சட்டம் வீட்டு வாசல்வரை வந்தது இந்தத் தகட்டில்தான் என்பது என் அபிப்பிராயம்.

தமிழரசுக் கட்சி 1957 ஜனவரியிலேயே ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. சிங்கள ஸ்ரீக்குப் பதிலாகத் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டுவது, பிடித்தால் வழக்குக்குப் போவது. (தமிழ் ஸ்ரீயும் கிரந்த எழுத்துத்தான், தனித்தமிழ்க்காரர் அதையே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது வேற கதை.) ஜூலையில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. பிறகு 1958 ஜனவரியில் தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. மார்ச்சில் ஸ்ரீ பொறித்த புதிய அரச பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. அங்கே ஸ்ரீக்குத் தார் பூசினார்கள். பதிலுக்குக் கொழும்பிலும் தெற்கிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி ரொஸ்மீட் பிளேஸில் பண்டாரநாயக்கவின் வீட்டு வாசலில் பிக்குமார் குந்தியிருக்க, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் கலவரம். 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம்.

அந்தத் தார் வாளி பெரும்பாலும் வடக்கு கிழக்கின் கதை. வெள்ளவத்தையில் இருந்த குடும்பத்துக்கு நிலைமை வேற. காலி வீதியில் தமிழ் ஸ்ரீயோடு கார் ஓட்டுவது என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமில்லை. ஆகவே அவர்கள் சத்தமில்லாமல் சிங்கள ஸ்ரீயைப் பூட்டிக்கொண்டார்கள், அல்லது பழைய ஈஎன் காரையே தொடர்ந்து ஓட்டினார்கள். ஏற்கெனவே பதிவான கார்களின் எழுத்து மாறவில்லை என்பதால் பழைய காருக்கு அந்தச் சிக்கல் இல்லை. கலவரத்தில் றோயல் கல்லூரி அகதி முகாமாகி, ஆயிரக்கணக்கான ஆக்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டபோது, ஈஎன்னோ ஸ்ரீயோ, கார் கொழும்பில்தான் நின்றது.

திரும்பி வந்தவர்களுக்கு அடுத்த பிரச்சினை காத்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றே போனது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாகி, ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளை அரசு எடுக்கத் தொடங்க, நட்ட ஈட்டுத் தகராறில் 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. இந்தக் கதவு 1977வரை சரியாகத் திறக்கவில்லை. இடையில் உபாலி விஜேவர்தன உள்ளூரில் பொருத்திய ஃபியட்டும் மஸ்டாவும் கொஞ்சம் வந்தன, அவ்வளவுதான். ஆகவே 1955இல் வாங்கிய காரை 1975இலும் ஓட்டவேண்டும். இந்த 15 வருடந்தான் கொழும்பின் கார்ப் பராமரிப்புக் கலையை உருவாக்கியது.

மொறிஸ் மைனரின் முன்சில்லு ஒரு மரைபோட்ட துண்டில் சுழல்கிறது. அதற்குக் குறித்த தூரத்துக்கு ஒருமுறை கிறீஸ் கன்னால் கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் நடுரோட்டில் சில்லு மடிந்து கார் முட்டுக்குத்தி நிற்கும். அதேபோல் டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட்டைத் துப்பரவாக்கி இடைவெளி பார்த்து வைப்பது, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது, வால்வை அரைத்துக் கொடுப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலைகள். பற்றறி இறங்கினால் முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றுவது. தேய்ந்த ரயரை ரீபில்ட் பண்ணுவது. கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து எடுப்பது. மற்றதெல்லாம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஆமர் வீதியால் நடந்தே போகலாம். உடைத்த காரின் பாகங்கள் குவிந்து கிடக்கும் அந்தக் கடைகளில் சிங்களமும் தமிழும் கலந்துதான் பேரம். பாகத்தின் பெயர் மட்டும் எல்லாருக்கும் இங்கிலீஷ்.

வெள்ளவத்தைக்காரருக்கு இன்னொரு எதிரி கடல். ஒழுங்கைகள் ரயில் பாதையில் முடிகின்றன, அதற்கு அங்கால் அலை. உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. மொறிஸ் மைனருக்குத் தனி சேசி இல்லை, உடம்பும் தளமும் ஒன்றாக ஒட்டித்தான் பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே கதவுக்குக் கீழே துரு பிடித்தால் அழகு கெடுவதோடு நிற்காது, காரின் முதுகெலும்பே போய்விடும். டிங்கர் பாஸ் தகரம் வெட்டி வெல்ட் பண்ணி, புட்டி பூசி, பெயின்ற் அடித்துத் தருவார். இந்தத் தகர வேலையில் இலங்கையர் எவ்வளவு கைதேர்ந்தார்கள் என்றால், 1990களில் மொறிஸ் மைனரைப் பெற்ற இங்கிலாந்துக்கே இலங்கையிலிருந்து அதன் உடம்புப் பாகங்களைச் செய்து அனுப்பினார்கள். பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் அந்த முயற்சியின் பின்னால் நின்றவர்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. டட்சன் சனி, டொயோட்டா கொரோலா, மிட்சுபிசி லான்சர் என்று ஜப்பான் கார்கள் வந்து நிறைந்தன. தகட்டில் ஸ்ரீ இருப்பது யாருக்கும் உறுத்தாத அளவுக்குப் பழகிப்போனது.

1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். 24ஆம் திகதி இரவு பொரளை கனத்தை மயானத்திலிருந்து தொடங்கியது. அடுத்த நாள் வெள்ளவத்தை எரிந்தது. வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பது பரவலாகப் பதிவான விசயம். கார் பற்றிய பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கொளுத்துவதற்குப் பெற்றோல் வேண்டும். வீதியில் வாகனங்களை மறித்து, ராங்கில் ரியூப்பை விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். ஸ்ரீ எல்லா இனத்தவரின் காரிலும் இருந்ததால் தகட்டைப் பார்த்துத் தமிழர் யார் என்று சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடியை இறக்கச் சொல்லி, உள்ளே இருந்தவரின் பேச்சைச் சோதித்தார்கள். வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டு, "பா" ஒலி சரியாக வருகிறதா என்று பார்த்தது பலருடைய நினைவில் இருக்கிறது. அதே நாட்களில் சிங்கள அயலவர் தங்கட காரில் தமிழர்களை ஒளித்து ஏற்றிக்கொண்டு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்கும் இரத்மலானை முகாமுக்கும் கொண்டுபோய் விட்டதும் நடந்தது. ஒரே வீதி, ஒரே மாதிரிக் கார்கள்.

அதன் பிறகு ஒரு பகுதியினர் வெளிநாடு போனார்கள், ஒரு பகுதியினர் ஊருக்குப் போனார்கள். ஊருக்குப் போனவர்களின் பழைய கார்களுக்கு அங்கே எதிர்பாராத மறுபிறப்பு. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலை ஒரு சின்னப் போத்தலில் வைத்து, கார்பரேற்றருக்குள் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இதில் மாயம் ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டும். 1950களின் எஞ்சின்கள் அந்தக் காலத்து மட்டமான பெற்றோலுக்காகக் குறைந்த அழுத்தத்தோடு செய்யப்பட்டவை, அதனால் தாங்கின. 15 வருடம் கார் இறக்குமதி நின்றதால் பொத்திப் பொத்தி வைத்திருந்த கார்கள், அடுத்த தடைக்குக் கைகொடுத்தன.

90களில் அதே யாழ்ப்பாணத்திலிருந்து சனம் வெள்ளவத்தைக்கு வந்து நிறைந்தது. தோட்டத்தோடு இருந்த வீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழுந்தன. கார் வைத்திருக்கிறவரின் கவலை துருவிலிருந்து பார்க்கிங்குக்கு மாறியது. செக்பொயின்ட்டுக்கு டாஷ்போர்டில் லைசென்ஸ், இன்சூரன்ஸ், அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கவேண்டும். ஸ்ரீ அதற்குள் மறைந்துவிட்டது. அந்த இடத்தில் 2000இல் வந்த மாகாண எழுத்தில், டபிள்யூபி என்றால் மேல் மாகாணம், என்பி என்றால் வடக்கு. காவலில் நிற்பவர் காரை மறிக்குமுன்பே, தூரத்தில் வரும்போதே வாசித்துவிடலாம். 1957இன் ஸ்ரீ எல்லாரையும் ஒன்றாக்கப் பார்த்தது. இது பிரித்துக் காட்டியது. நிர்வாக வசதிக்காகத்தான் கொண்டுவந்தார்கள், ஆனால் போர் நடக்கும் நாட்டில் நிர்வாக வசதி என்று தனியாக ஒன்று இல்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது கொழும்புக் கார்கள் ஓமந்தையையும் முகமாலையையும் தாண்டி யாழ்ப்பாணம் போயின. 2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடியது.

எங்கட வயசுக்காரருக்குத் தெரிந்த பகுதி இனித்தான். 2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. பழைய காரை வைத்துப் பராமரிக்கும் காலம் திரும்ப வந்தது. பஞ்சிகாவத்தைக்கு மறுபடி மவுசு. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதற்கும் செட்டில் இல்லை. மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் கிடையாது என்று அறிவித்தார்கள். வரிசையில் நின்றபடியே செத்தவர்கள் உண்டு. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது: காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், எந்த நாள் போகலாம் என்பதை நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கம் தீர்மானித்தது. பூச்சியம், ஒன்று, இரண்டு உள்ளவர் ஒரு நாள், மூன்று, நாலு, ஐந்து உள்ளவர் இன்னொரு நாள். இந்தமுறை இலக்கம் சிங்களமா தமிழா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளவத்தைச் செட்டில் எல்லா மொழியிலும் ஏச்சு ஒன்றாகவே கேட்டது. கியூஆர் 2023 செப்டெம்பரில் முடிந்தது, தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது.

இடையில், 2023 ஜனவரியில், மாகாண எழுத்தும் தகட்டிலிருந்து எடுக்கப்பட்டது. இப்ப புதிதாகப் பதிவாகும் காரின் தகட்டைப் பார்த்து அது யாழ்ப்பாணத்ததா மாத்தறையதா என்று சொல்ல முடியாது. பழைய தகடுகள் பழையபடியே ஓடுகின்றன. பின்னேரம் காலி வீதிச் சிக்னலில் ஐந்து நிமிசம் நின்றால் டபிள்யூபியும் என்பியும் கோடும் மாறி மாறிப் போவதைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் ஒரு மொறிஸ் மைனரும் வரும். அதில் ஸ்ரீ இருந்தால் இப்ப விலை கூட.