குழந்தை பராமரிப்புக்காக வேலையை விட்டால் வேலையின்மை உதவித்தொகை கிடைக்குமா?

புது தில்லி: தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் (இஎஸ்ஐ), 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' திட்டத்தை 2018 ஜூலை 1-இல் தொடங்கியது. இதன்படி, வேலையிழந்த காப்பீட்டாளர் வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாள்களுக்கு உதவித்தொகை பெறலாம். சராசரி தினசரி ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்த இத்தொகை, 2020-இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வேலையிழந்து 30 நாள்களுக்குப் பின் விண்ணப்பிக்கலாம்.

எனினும், விருப்ப ஓய்வு பெற்றோர், தாமாக வேலையைக் கைவிட்டோர், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டோர் ஆகியோருக்கு இத்தொகை இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற காரணத்துக்கும் தனி விலக்கு கிடையாது.

தாய்மார்களுக்கான சட்டப் பாதுகாப்பு, பணியில் நீடிக்கும்போதுதான் கிடைக்கிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதியை மகப்பேறு பலன் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு திருத்தம் கட்டாயமாக்கியது. தாய் நாள்தோறும் 4 முறை அங்கு சென்றுவரலாம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றுள்ளது. பணியின் தன்மை இடமளித்தால், மகப்பேறு விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்றவும் நிர்வாகத்துடன் உடன்பாடு செய்துகொள்ளலாம்.

ஆகவே, பணிவிலகல் கடிதம் அளிப்பதற்கு முன்பே இவ்வசதிகளை எழுத்துப்பூர்வமாகக் கோருவது அவசியம்.