ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு சட்டங்கள்

ஹிஞ்சேவாடி என்றால் நம்மூரில் எல்லோருக்கும் ஐ.டி. கம்பெனிகள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டிப் போனால் பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி என்று லேத்தும் பிரஸ்ஸுமாகப் பட்டறைகள். கடன் விண்ணப்பங்களோடு வரும் பட்டறைக் கணக்குகளைப் பார்ப்பது என் பிழைப்பு. அங்கே ஒரு கேள்வி அடிக்கடி எழும்: ஒரு பையனுக்குத் தொழில் கற்றுத் தருகிற செலவு யாருடையது? கற்றுக்கொண்டதும் அவன் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டால், செலவு பட்டறைக்கு, பலன் வேறொருவருக்கு.

இது பழைய பிரச்சினைதான். 1850-லேயே கும்பினி அரசு அப்ரண்டிஸ் சட்டம் ஒன்று போட்டது. அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் தொழிலில் சேர்த்துவிடுவதுதான் அதன் முக்கிய நோக்கம். சுதந்திர இந்தியா 1961-ல் புதிய தொழில் பழகுநர் சட்டம் கொண்டுவந்தது. வேடிக்கை பாருங்கள், வருமான வரிச் சட்டமும் அதே 1961-ல்தான் பிறந்தது. ஆனால் பழகுநர் சட்டம் முதலாளியை வழிக்குக் கொண்டுவர நம்பியது வரிச்சலுகையை அல்ல, தண்டனையை. மீறினால் ஆறு மாதம் வரை சிறை! அதை நீக்கியதே 2014 திருத்தத்தில்தான்.

இன்னொரு விஷயம். 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் சேர்க்கப்பட்டபோது, அவர்களுடைய உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றது. ஐ.டி.ஐ. பையனுடைய உதவித்தொகையோ நெடுங்காலம் முழுக்க முதலாளி தலையில்.

வரிச்சலுகை 2012 பட்ஜெட்டில் வந்தது, பிரிவு 35சிசிடி. அங்கீகரிக்கப்பட்ட திறன் பயிற்சித் திட்டத்தில் கம்பெனி 100 ரூபாய் செலவழித்தால் 150 ரூபாயை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி என்று வைத்தால், மிச்சம் 30 ரூபாய்க்குப் பதில் 45. நல்லதுதானே என்கிறீர்களா? கம்பெனி என்று பதிவானவர்களுக்கு மட்டும்தான்! பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் போசரி பட்டறைக்கு ஒன்றுமில்லை. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கும் அந்த வருடம் பிரயோஜனமில்லை. 2020 ஏப்ரலிலிருந்து அந்தக் கூடுதல் 50-ம் போய்விட்டது.

கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு வேறு முறை தெரிந்திருக்கும். அங்கே 2006-ல் வந்த சலுகையில், தகுதியுள்ள அப்ரண்டிஸின் சம்பளத்தில் 10 சதவீதம், ஆளுக்கு வருடம் 2000 டாலர் வரை, முதல் இரண்டு வருடங்களுக்கு வரியிலேயே கழிக்கலாம். வருமானத்தில் கழிப்பது வேறு, வரியில் கழிப்பது வேறு. பின்னதில் ரூபாய்க்கு ரூபாய் மிச்சம்.

இந்தியா 2016-ல் வேறு வழி பிடித்தது. தேசிய பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1500 ரூபாய் வரை, முதலாளிக்குத் திரும்பக் கிடைத்தது. 2023-லிருந்து அரசின் பங்கு நேரே பழகுநரின் வங்கிக் கணக்குக்கே போகத் தொடங்கியது.

என் கட்சி இதுதான்: சின்னப் பட்டறைக்கு வரிக்கழிவை விடக் கைக்கு வரும் காசே மேல். லாபம் காட்டினால்தான் உதவி என்றால், ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை பையனைச் சேர்க்க யோசிக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காரப் போகிறார்களா என்ன? லேத்தில் கை வைக்கப் போகிற பிள்ளைக்கும் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும்.