எம்.எஸ்சி முடிச்சாச்சு, ஆசிரியர் ஆக என்ன வழி? முதல் தலைமுறை பட்டதாரிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

மதுரை கோச்சடையில் இருந்து காமராசர் பல்கலைக்கழகம், அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி எல்லாமே பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். ஆனால் குடும்பத்தில் முதல் ஆளாக அறிவியலில் முதுகலை முடிப்பவருக்கு, அடுத்து என்ன செய்யணும்னு சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. அவர்களுக்கான விளக்கம் இது.

கல்லூரியில் பாடம் எடுக்க பிஎச்.டி கட்டாயமா?

இல்லை. 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என யுஜிசி அறிவித்துள்ளது. முதுகலையில் 55% மதிப்பெண் வேணும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50% போதும். எம்.எஸ்சி கடைசி வருஷத்திலேயே நெட் எழுதலாம்.

எங்கே கோட்டை விடுறாங்க?

சான்றிதழில்தான். பிசி, எம்பிசி பிரிவினருக்கு நெட் தேர்வில் மாநில சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழை இ-சேவை மையம் மூலம் தனியாக வாங்கணும்.

ஆராய்ச்சி செய்யப் பணம்?

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் ரூ.37,000. முழுநேர பிஎச்.டி படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் தரும் தமிழ்நாடு அரசுத் திட்டமும் இருக்கு.

பள்ளி ஆசிரியர் ஆகணும்னா?

பி.எட் அவசியம். முதுகலை ஆசிரியர் பணிக்கு டிஆர்பி தேர்வு எழுதணும். பட்டதாரி ஆசிரியருக்கு டெட் தாள்-2 தேர்ச்சியும் வேணும். முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20% முன்னுரிமை உண்டு.

அறிவியல் பரப்பும் பணி வாழ்க்கை நடத்த உதவுமா?

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் இந்த வேலையைச் செய்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை செய்முறை அறிவியல் சொல்லித்தர, 2022 நவம்பர் 28ல் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. ஆனால் இந்தப் பணிகள் பெரும்பாலும் தன்னார்வம் அல்லது மதிப்பூதியம்தான், நிரந்தர வேலை இல்லை. வீட்டுக்கு உடனே சம்பளம் கொண்டு வர வேண்டிய பிள்ளைகள் ஆர்வம் இருந்தும் விலகுவது இதனால்தான். அதே தெருவில் இருந்து படித்து வந்த ஒருவர் வகுப்பில் நின்று சோதனை செய்து காட்டினால், 'நம்மாலும் முடியும்'னு பிள்ளைகளுக்குத் தோணும். அந்த வாய்ப்புதான் இங்கே கைநழுவுகிறது.

அதனால் பரப்புரையை அனுபவமாக வைத்துக்கொண்டு, நெட் அல்லது பி.எட் தகுதியை முதலில் முடிச்சுடுங்க.