கண்டம் ஆன பஸ்

திருவண்ணாமலை பக்கம் ஓடி நின்றுபோன அரசு பஸ்ஸைப் பற்றி விசாரித்தால், "அது கண்டம் ஆயிடுச்சு சார்" என்பார்கள். ஆசியா கண்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல் டெப்போவில் தேய்ந்து இப்படி ஆனது. வேர் லத்தீன், குற்றவாளி எனத் தீர்ப்பளிப்பது என்று பொருள். அதாவது யாரோ வண்டியைப் பார்த்து, இனி தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போடணும். அரசுத் தமிழில் 'கழிவு செய்தல்'. பேச்சில் அது ஒட்டவே இல்லை.

போர்க்கப்பலுக்கு வேறு சொல். அதிகாரி மாதிரி அதுவும் 'கமிஷன்' ஆகித்தான் பணிக்கு வருகிறது, போகும்போது 'டீகமிஷன்'. 2017 மார்ச் 6 அன்று ஐஎன்எஸ் விராட்டைக் கொடியிறக்கி மரியாதையோடு அனுப்பினார்கள். கடைசியில் அதுவும் குஜராத்தின் அலங்குக்கு உடைக்கத்தான் போனது. எங்கள் ஐடி வேலையில் சர்வரை நிறுத்தினாலும் டீகமிஷன்தான், கொடி மட்டும் கிடையாது!

தமிழில் ஏற்கெனவே இன்னொரு கண்டம் உண்டு, ஜாதகக் கண்டம். "இத்தனாவது வயசுல கண்டம்" என்று ஜோசியர் சொல்வாரே, அது. 2023 ஏப்ரல் 1 முதல் பஸ் விஷயத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மத்திய அரசின் புது விதிப்படி, அரசு வாகனம் பதிவாகி 15 வருஷம் முடிந்தால் பதிவு காலாவதி. அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்ஸும் இதில் அடக்கம். நல்லா ஓடுதா, எஃப்.சி. தேறுமா என்ற கேள்வியே இல்லை. பார்த்துச் சொன்ன தீர்ப்பு போய், பிறந்த தேதி பார்த்துச் சொல்லும் கண்டம் வந்துவிட்டது. பாதுகாப்புப் பணிக்கான கவச வாகனம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.