கல்லில் முடிந்த கடல்: ஊட்டத்தூர் மீன்பல்லியும் ஆழ்கடற் பேருயிர்கள் பற்றிய நம்பிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

தொல்லூழிக் கடலில் வாழ்ந்த பேருயிர்கள் இன்றும் ஆழ்கடலில் எஞ்சியிருக்கலாம் என்னும் நம்பிக்கை உலகெங்கும் நிலவுகிறது. தமிழகத்தின் திருச்சி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கடற்படிவுப் பாறைகளிற் கிடைத்த சான்றுகளைக் கொண்டும், அவை ஆராயப்பட்ட வரலாற்றைக் கொண்டும் அந்நம்பிக்கையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முன்னுரை

சேர்வராயன் மலைத்தொடரில், ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில், காப்பித் தோட்டங்களுக்கும் தேக்கங்காட்டிற்கும் இடையே தலைநீட்டும் கரும்பாறை சார்னோக்கைட் எனப்படும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் அடியாழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. அதில் எலும்போ சிப்பியோ தேடுவது வீண். ஆனால் அங்கிருந்து தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள அரியலூரில், கிணறு வெட்டுவோர் கடற்சிப்பிகளை அள்ளுகின்றனர். கோண்டுவானாப் பெருநிலம் பிளவுபட்டு இந்தியா அண்டார்க்டிக்காவிலிருந்து விலகியபோது காவிரிப் படுகை தாழ்ந்தது, கடல் உட்புகுந்தது. சேர்வராயன் பாறைகள் அடங்கிய மேற்குப் பகுதி நிலமாகவே நின்றது. ஆகவே, ‘தொல்கடற் பேருயிர்கள் எங்கே போயின?’ என்ற வினாவைத் தமிழ்நிலத்தில் நின்றே எழுப்ப இயலும்.

சொல்லில் வாழ்ந்த பேருயிர்கள்

கடலின் பேருருவங்கள் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. ‘திமி’ என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம்; அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம். வடமொழி வழி வந்த இச்சொற்கள், ஒவ்வொரு பெரியதற்கும் மேலாக இன்னொரு பெரியது ஆழத்தில் உண்டு என்னும் கற்பனையைத் தம் அமைப்பிலேயே கொண்டுள்ளன. இதற்கு மாறாகப் பட்டினப்பாலை காட்டும் பரதவரின் வழிபாடு கண்டறிந்த ஓர் உயிரைச் சார்ந்தது. அவர்கள் சுறவின் கோட்டை நட்டு வழிபட்டனர். அது வேளாமீன் எனப்படும் வாட்சுறாவின் பல்வரிசை கொண்ட நீள்மூக்காகலாம். காணாத உயிரைப் பெருக்கிச் சொல்லும் மரபும், கண்ட உயிரை மதித்துப் போற்றும் மரபும் அருகருகே இருந்துள்ளமை கருதத்தக்கது.

கல்லைப் படித்த வரலாறு

1840களில் சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். அவற்றிலுள்ள முதுகெலும்பற்ற உயிர்களை எட்வர்டு ஃபோர்பஸ் 1846இல் விவரித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு 1857 முதல் 1860 வரை இப்பகுதியை அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவ்வகுப்பு பல திருத்தங்களுடன் இன்றும் பயன்படுகிறது. ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா இவற்றின் சிப்பியினங்களை விரிவாக விவரித்தார்.

1879இல் ரிச்சர்டு லைடெக்கர், ஊட்டத்தூர்த் தொகுதியிற் கிடைத்த முள்ளெலும்புகளைக் கொண்டு ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்னும் இனத்தைப் பெயரிட்டார். இது மீன்போன்ற உடலும் நீண்ட தாடையும் கொண்ட, காற்றைச் சுவாசித்த கடற்பல்லியாகும். அவ்வினப்பெயர் நிலைக்குமா என்பதில் பிற்கால ஆய்வாளர் ஐயம் கொண்டனர். எனினும் காரைப் பகுதிக் களிமண் படிவுகளில் மீன்பல்லிகள் இருந்தன என்பது பிற்காலக் கண்டெடுப்புகளாலும் உறுதியாயிற்று. இதன் சிறப்பு காலத்தில் உள்ளது. உலகெங்கும் மீன்பல்லிகளின் தடம் ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், அதாவது டைனசோர்கள் அழிவதற்கு ஏறக்குறைய 2.8 கோடி ஆண்டுகள் முன்பே, முடிந்துவிடுகிறது. காரைப் படிவுகள் அந்த இறுதிக் கட்டத்தைச் சார்ந்தவை. மேலுள்ள திருச்சிராப்பள்ளி, அரியலூர்த் தொகுதிகளிலும் கடலுயிர்ப் படிவங்கள் மலிந்துள்ளன. ஆயின் மீன்பல்லி அவற்றில் இல்லை. கடல் நீடித்தது, அதில் வாழ்ந்த இவ்வினம் நீடிக்கவில்லை.

சீலகாந்து தரும் நம்பிக்கையும் அதன் எல்லையும்

‘படிவத்தில் இல்லாமை அழிவுக்குச் சான்றாகுமா?’ என்னும் மறுப்பு எழலாம். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர், மீன்குவியலில் ஓர் அரிய மீனைக் கண்டார். ஜே. எல். பி. ஸ்மித் அதனைச் சீலகாந்து என இனங்கண்டார். 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் படிவத் தடமே இல்லாத குலம் அது. இரண்டாவது மீன் 1952இல் கொமோரோ தீவுகளிற் கிடைத்தது. அங்குள்ள மீனவர்க்கோ அது முன்பே பெயரிட்டு அறிந்த மீன்.

இம்மறுப்பு வலிமையானது; ஆனால் எல்லா உயிர்க்கும் பொருந்தாது. சீலகாந்து செவுள்களாற் சுவாசிப்பது. சில நூறு மீட்டர் ஆழத்துப் பாறைக் குகைகளில் ஒடுங்கியிருப்பது. குறைந்த இரையில் வாழ்வது. நீளம் ஏறத்தாழ 2 மீட்டரே. அத்தகைய வாழிடங்களின் படிவுகள் நிலத்தில் அரிதாகவே வெளிப்படுகின்றன. மீன்பல்லி, நெடுங்கழுத்துப் பிளீசியோசர், மோசசார் ஆகியன நுரையீரலுடையவை. அவை மூச்சுவிட மேலெழுந்தே ஆகவேண்டும். திமிங்கிலங்களைக் கப்பலோட்டிகளும் மீனவரும் அன்றாடம் காண்பதற்குக் காரணமும் அதுவே. ஓரினம் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைப்பதற்கு ஓருயிர் போதாது. இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் வேண்டும். அக்கூட்டம் முழுவதும் மேற்பரப்பில் ஒருமுறையும் காணப்படாமலும், ஓர் எலும்பும் விடாமலும் இருந்திருக்க இயலாது.

மெகலோடான் சுறாவின் வழக்கு வேறு. அதற்குச் செவுள் உண்டு. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல், பசிபிக்கின் ஆழத்திலிருந்து அதன் பற்களை எடுத்தது. பற்களின் மீது படிந்திருந்த மாங்கனீசுப் படலத்தின் தடிப்பைக் கொண்டு, அவை 11,000 முதல் 24,000 ஆண்டுகளே பழையன என 1959இல் ஒரு கணிப்பு வெளிவந்தது. மாங்கனீசு படியும் வேகம் இடத்திற்கிடம் மாறுவதால் அக்கணிப்பு நிலைக்கவில்லை. சுறாக்கள் வாழ்நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்ப்பவை. அவ்வாறு உதிர்ந்த பற்களின் தொடர், ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நின்றுவிடுகிறது. மேலும் அச்சுறா வெதுவெதுப்பான நீரில் பேரிரை தேடியது. ஆழ்கடலோ குளிர்ந்தது, இரை குறைந்தது.

தவறாகப் படித்த சான்றுகள்

1977இல் நியூசிலாந்துக் கடலில் சூயோ மாரு என்னும் சப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் அழுகிய பேருடல் ஒன்று சிக்கியது. நீண்ட கழுத்தும் சிறு தலையும் கண்டு பிளீசியோசர் என்றனர். எடுத்துவைத்த இழைகளின் அமினோ அமிலங்கள் மேய்ச்சற்சுறாவினுடையவற்றை ஒத்திருந்தன. அச்சுறா அழுகும்போது தாடையும் செவுளும் முதலில் உதிர்ந்து, எஞ்சுவது கழுத்துப்போல் தோன்றும்.

இதற்கு இணையான நிகழ்வு தமிழகத்திலும் நேர்ந்தது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டபோது, அவை டைனசோர் முட்டைகள் எனச் செய்தி பரவியது. அவை அம்மோனைட்டுகளைச் சூழ்ந்து கனிமம் திரண்ட கற்கோளங்கள் என நிலவியலாளர் விளக்கினர். இரு நிகழ்வுகளிலும் பொய் சொன்னவர் எவருமில்லை. கண்ட உருவுக்குத் தாம் அறிந்த கதையைப் பொருத்தினர் என்பதே உண்மை.

உண்மையில் எஞ்சியவை

தொல்கடலிலிருந்து ஏதும் எஞ்சவில்லை என்பதன்று இதன் பொருள். அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. கண்டகி ஆற்றிலிருந்து வந்து வைணவர் இல்லங்களில் சாளக்கிராமமாக வழிபடப்படுவன இவற்றின் முன்னோரே. இவற்றோடு அரியலூர்ப் பாறைகளிற் காணப்படும் நாட்டிலசு குலமோ இன்றும் இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் ஆழ்ச்சரிவுகளில் வாழ்கிறது. அதன் ஓட்டுக்கான வேட்டை மிகுந்ததால் 2016இல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது. பரதவர் போற்றிய வேளாமீனும் பல கோடி ஆண்டுப் பழங்குலத்தது. 2001இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதன் இனங்கள் சேர்க்கப்பட்டும், இன்று அது மிக அரிதாகிவிட்டது.

கல்லிலுள்ள சான்றுக்கும் இதே நிலைதான். அரியலூர்க் கல்லமேட்டில் கிடைத்து, 1987இல் யாதகிரி, அய்யாசாமி ஆகியோரால் ‘புருகத்காயோசாரஸ்’ எனப் பெயரிடப்பட்ட பேருருவ டைனசோரின் எலும்புகள், ஈரத்தில் நொறுங்கிச் சிதைந்தன. எஞ்சியிருப்பன வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் படிவப் பாறைகளை நாளும் சிமெண்டாக மாற்றுகின்றன. புவிமரபுச் சின்னங்களைக் காக்கும் சட்டத்திற்கு 2022இல் வரைவு வெளியிடப்பட்டது. வாரணவாசியில் அமைந்த புதைபடிவ அருங்காட்சியகம் ஒரு நற்றொடக்கம்.

முடிவுரை

மீன்பல்லியும் மெகலோடானும் ஆழ்கடலில் ஒளிந்திருக்கவில்லை; அவற்றின் முடிவு கல்லில் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் ஆழ்கடல் முற்றும் அறியப்பட்டதன்று. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்கு இட்டுச்செல்ல மத்ஸ்யா 6000 என்னும் ஆழ்கலத்தை உருவாக்கி, 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சோதித்துள்ளது. அக்கலம் காணப்போவது திமிங்கிலகிலமாக இராது. பெயரிடப்படாத சிற்றுயிர்களாக இருக்கலாம். இல்லாத பேருயிரைத் தேடும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும், இருக்கும் வேளாமீனுக்கும் காரைக் களிமண்ணில் எஞ்சிய எலும்புக்கும் திரும்புமாயின், சுறவுக்கோட்டை நட்டுப் போற்றிய மரபுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவேயாகும்.